பரி பேணல்

நுழையும்முன்

தமிழர் வாழ்வில் குதிரைக்கு நெடிய வரலாறு உண்டு. போர்க்களத்தில் அது நால்வகைப் படைகளுள் ஒன்றாக நின்றது. கோயில் மண்டபத் தூண்களில் முன்னங்கால் தூக்கிப் பாய்ந்தது. ஊரெல்லையில் ஐயனாரின் ஊர்தியாகச் சுடுமண் வடிவில் காவல் காத்தது. ஆயினும், உயிருள்ள குதிரை நாள்தோறும் எதை உண்டது, எங்கே உறங்கியது, எதனால் நோயுற்றது என்பவற்றைப் பற்றிய எண்ணம் நம்மிடையே குறைவு. வாய்திறந்து வலியைச் சொல்ல இயலாத ஓர் உயிரைக் காப்பதற்கு அறிவும் பொறுமையும் இடையறாத கவனிப்பும் தேவை. அவ்வறிவை ஒரு கடற்கரையின் பின்னணியில் விளக்குவது இப்பாடம்.

சாவடி ஊரும் ஒரு கேள்வியும்

‘சாவடி’ என்னும் சொல் வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடத்தைக் குறிக்கும். வண்டிகளும் பொதிவிலங்குகளுமே போக்குவரத்துக்கு உதவிய காலத்தில், நெடுவழிச் சாவடிகளில் மனிதரோடு விலங்குகளும் நீர் அருந்திக் களைப்பாறின. அச்சொல்லைத் தம் பெயரில் இன்றும் தாங்கி நிற்கும் ஊர்களுள் ஒன்று பெரிய முதலியார்சாவடி. விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இவ்வூர் அமைந்துள்ளது. கிழக்கே கடலும் மணற்கரையும், மேற்கே செம்மண் மேடும் இதன் எல்லைகள். சாலைவழியே மேலும் வடக்கே சென்றால் மரக்காணத்தின் வெண்ணிற உப்பளங்கள் கண்ணில் படும். 1968ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஆரோவில் நகரம் இவ்வூருக்கு மேற்கே உள்ள செம்மண் மேட்டில் விரிந்துள்ளது. அங்குக் குதிரையேற்றப் பயிற்சிப் பள்ளி ஒன்றும் இயங்கிவருகிறது.

குதிரை இயல்பில் பரந்த புல்வெளிக்குரிய விலங்கு. நாள் முழுதும் நடந்துகொண்டே மேய்வதும், கூட்டமாக வாழ்வதும், ஆபத்தைக் கண்டால் விரைந்து ஓடுவதும் அதன் பிறவிக்குணங்கள். கோடையில் வெப்பமும், ஆண்டு முழுதும் ஈரக்காற்றும், ஐப்பசி, கார்த்திகையில் அடைமழையும் கொண்ட இக்கடற்கரையில் அத்தகைய விலங்கை நலமுடன் வளர்க்க இயலுமா? இக்கேள்வி புதியதன்று. ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழகக் கடற்கரையில் எழுந்த கேள்வி இது. அன்று கிடைத்த விடை துயரமானது.

கடல்வழி வந்த பரிகள்

தமிழகத்துக்குக் குதிரைகள் கலங்களில் வந்திறங்கியதைச் சங்க இலக்கியங்கள் பதிவு செய்துள்ளன. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே வந்த புரவிகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. நீர்ப்பெயற்று என்னும் கடற்கரை ஊரில் வெண்ணிறப் பிடரிமயிர் கொண்ட புரவிகளைக் கொணர்ந்த நாவாய்களைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘குதிரைச் செட்டிகள்’ என்னும் வணிகர் இடம்பெறுகின்றனர். பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகர், அப்பொன்னைத் திருப்பெருந்துறையில் இறைபணிக்குச் செலவிட்டதாகவும், இறைவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்குக் கொணர்ந்ததாகவும் வழங்கும் திருவிளையாடல் கதை, குதிரை வணிகத்தில் அரசு கொட்டிய பெரும்பொருளையும் நமக்கு உணர்த்துகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வணிகம் உச்சத்தை எட்டியது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சியில், தாமிரபரணி கடலொடு கலக்கும் இடத்தருகே இருந்த காயல் துறைமுகத்துக்கு அரபு நாட்டிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் குதிரைகள் வந்து குவிந்தன. ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தீனார் விலை என்றும், கடலில் இறந்துபோன குதிரைக்கும் அவ்விலை அளிக்கப்பட்டது என்றும், கீஷ் தீவின் வணிகத் தலைவர் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பட்டிருந்தார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதியுள்ளார்.

அக்காலத்தில் இக்கரைக்கு வந்த வெனிசு நாட்டுப் பயணி மார்க்கோ போலோ ஒரு செய்தியை வியப்புடன் குறித்துள்ளார். பாண்டிய அரசர் ஒருவர் ஆண்டுக்கு ஈராயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறார். ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லை. அவற்றைப் பேணும் முறை அறியாமையே அதற்குக் காரணம் என்கிறார் அவர். சமைத்த சோறும் இறைச்சியும் குதிரைகளுக்கு உணவாக அளிக்கப்பட்டன என்றும், குதிரை மருத்துவம் அறிந்தோர் இங்கு வந்துவிடாமல் அயல்நாட்டு வணிகரே தடுத்தனர் என்றும் அவர் கூறுகிறார். குதிரைகள் இறந்தால்தானே மறு ஆண்டும் விற்பனை நடக்கும்! பயணியரின் குறிப்புகளில் மிகை இருக்கக்கூடும். வஸ்ஸாப்பும் வறுத்த தானியமும் நெய்யும் காய்ச்சிய பாலும் குதிரைகளுக்கு அளிக்கப்பட்டதாகக் குறிப்பிடுவதால், உணவுமுறை தவறாக இருந்தது என்பதில் இருவரும் ஒத்துப்போகின்றனர்.

அக்குதிரைகளை எவரும் வெறுத்துக் கொல்லவில்லை. மாறாக, மனிதர்க்கு உயர்ந்தவை எனக் கருதப்பட்ட சோறும் நெய்யும் பாலும் அன்போடு அளிக்கப்பட்டன. அன்பு இருந்தது, அறிவு துணை நிற்கவில்லை. பொன் கொடுத்துப் பரியை வாங்கியவர், அதன் வயிற்றின் இயல்பை அறிந்திலர். எனவே, பரி பேணலின் முதற்பாடம் வயிற்றிலிருந்தே தொடங்குகிறது.

சிறிய இரைப்பை, நீண்ட குடல்

மாடு அசைபோடும் விலங்கு. அதன் இரைப்பை நான்கு அறைகளைக் கொண்டது. குதிரைக்கோ ஒரே இரைப்பை. அதுவும் உடலின் பருமனை நோக்கச் சிறியது. ஏறத்தாழ 8 முதல் 15 லிட்டர் மட்டுமே கொள்ளும். உண்ட புல்லிலுள்ள நார்ப்பொருள் பெருங்குடலிலும் அதன் தொடக்கத்திலுள்ள குடற்பையிலும் நுண்ணுயிரிகளால் நொதிக்கப்பட்டுச் செரிக்கிறது. அந்நுண்ணுயிரிகள் வாழ்ந்தால் குதிரை வாழும். சோறு, மாவு, தானியம் முதலியவற்றை அளவின்றிக் கொடுத்தால், செரியாத மாவுப்பொருள் பெருங்குடலை அடைந்து விரைவாக நொதித்து அமிலமாகிறது; நுண்ணுயிரிகள் மடிகின்றன; நச்சுப்பொருள்கள் குருதியில் கலக்கின்றன. அதன் விளைவாக வயிற்றுச்சூலையும், குளம்பினுள் இருக்கும் மென்திசுக்கள் அழற்சியுற்று நடக்கவியலாமல் செய்யும் குளம்பழற்சியும் தோன்றுகின்றன. காயலில் இறந்த குதிரைகளுள் பல இவ்வாறு இறந்திருக்கலாம்.

குதிரைக்கு மற்றொரு குறையும் உண்டு. அதனால் வாந்தி எடுக்க இயலாது. இரைப்பையின் வாயிலிலுள்ள தசை வளையம் உட்சென்றதை மீள விடுவதில்லை. கெட்ட உணவை உண்ட மனிதன் வாந்தியெடுத்துத் தப்பலாம்; குதிரைக்கு அவ்வாய்ப்பில்லை. ஆதலின், பூஞ்சணம் பிடித்த வைக்கோலும் புளித்த தவிடும் குதிரையின் தொட்டியை நெருங்கவே கூடாது.

உணவில் மூன்று நெறிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். முதலாவது, புல்லே தலையாய உணவு. உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு உலர்புல் நாள்தோறும் தேவை. 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு இது 6 முதல் 8 கிலோ ஆகும். அருகம்புல், குதிரைமசால், உலர்த்திய சோளத்தட்டை போன்றவை இதற்கு உதவும். நெல் வைக்கோலில் சத்துக் குறைவு. அது மட்டுமே போதாது. இரண்டாவது, சிறிது சிறிதாகப் பலமுறை உணவளித்தல். திறந்தவெளியில் நாளின் பெரும்பகுதியை மேய்ச்சலில் கழிக்கும் விலங்குக்குக் காலையிலும் மாலையிலும் மட்டும் தொட்டியை நிரப்புவது பொருந்தாது. மூன்றாவது, மாற்றத்தை மெல்லச் செய்தல். புதிய உணவை ஏழு முதல் பத்து நாள்களில் படிப்படியாகப் பழக்க வேண்டும். கொள்ளு, ஓட்ஸ் முதலிய அடர்தீவனம் உழைப்பின் அளவுக்கு ஏற்ப அமையட்டும். வேலையில்லாத நாளில் அதைக் குறைப்பது குதிரைக்குச் செய்யும் நன்மையேயாகும். கொள்ளை ஊறவைத்தோ வேகவைத்தோ கொடுக்கும் வழக்கம் தமிழகத்தில் உண்டு.

சாலையோர வேலிகளிலும் நெடுஞ்சாலை நடுவேயும் அழகுக்காக வளர்க்கப்படும் அரளி, குதிரைக்குக் கொடிய நஞ்சு. சில இலைகளே உயிரைப் பறிக்கப் போதும். ஆமணக்கு விதையும் அவ்வாறே. மேய்ச்சலுக்குப் பரியைக் கட்டும் முன் சுற்றியுள்ள செடிகளை நோக்குதல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

குதிரையைக் குறிக்கப் பரி, புரவி, மா, இவுளி முதலிய சொற்கள் தமிழில் வழங்குகின்றன. குதிரை கட்டும் இடம் ‘பந்தி’ எனப்பட்டது. பிற்காலத்தில் ‘இலாயம்’ என்னும் சொல் பெருவழக்காயிற்று. குதிரையைப் பேணுவோர் ‘வாதுவர்’ எனப்பட்டனர். முதுகில் இடுவது சேணம். வாயில் பூட்டுவது கடிவாளம். ஏறுவோர் கால் ஊன்றுவது அங்கவடி. குளம்பில் அறைவது இலாடம். நாட்டுவழக்கில் பயிர்ப்பெயர்களிலும் குதிரை இடம்பெற்றுள்ளது: குதிரைமசால் ஒரு தீவனப்பயிர், குதிரைவாலி ஒரு சிறுதானியம்.

நீரும் உப்பும்

மனிதரைப் போலவே குதிரையும் உடல் முழுதும் வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் விலங்கு. நாளொன்றுக்கு 25 முதல் 45 லிட்டர் வரை நீர் அருந்தும். வெப்பநாளில் வேலை செய்தால் தேவை இன்னும் பெருகும். கடும் உழைப்பின்போது ஒரு மணி நேரத்தில் 10 லிட்டருக்கும் மேல் வியர்வையாக இழக்கக்கூடும். குதிரையின் வியர்வையில் உப்பு மிகுதி. வெறும் நீரை மட்டும் ஈடு செய்து உப்பை ஈடு செய்யாவிட்டால் தசைகள் இறுகும், தாகமும் மங்கும், குடலின் இயக்கம் தளரும்.

ஓய்விலிருக்கும் குதிரைக்கே நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் உப்பு வேண்டும். உழைக்கும் குதிரைக்கு அதனினும் கூடுதலாக வேண்டும். மரக்காணத்து உப்பளத் தொழிலாளர் வெயிலில் வாரிக் குவிக்கும் அதே உப்பு, இக்கரையில் வாழும் குதிரைக்கு மருந்தைவிட மேலானது. அதைத் தீவனத்தில் கலந்தும் கொடுக்கலாம். நக்குவதற்கு உப்புக் கட்டியாகத் தொங்கவிடவும் செய்யலாம். தூய நல்ல நீர் எப்போதும் அருகில் இருத்தல் இன்றியமையாதது. கடற்கரைக் கிணறுகளில் உப்பு ஏறுவது உண்டாதலால், நீரைச் சுவைத்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். நீர்த்தொட்டியை நாள்தோறும் கழுவ வேண்டும்.

கடற்கரையின் ஈரக்காற்று மற்றோர் இடரை விளைவிக்கிறது. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். காற்றில் ஈரம் மிகும்போது வியர்வை உலராமல் வழிந்தோடி வீணாகிறது. குளிர்நாடுகளிலிருந்து வெப்ப நாடுகளுக்குக் கொண்டுவரப்பட்ட குதிரைகளுள் சில, நாளடைவில் வியர்க்கும் திறனையே இழந்துவிடுவதை மருத்துவர் கண்டறிந்துள்ளனர். மற்ற குதிரைகள் வியர்வையில் நனைந்து நிற்கையில் ஒன்று மட்டும் உலர்ந்த உடலோடு மூச்சு வாங்கினால், அது நலத்தின் அறிகுறியன்று. உடனே கவனிக்கத்தக்க நோயின் அறிகுறி.

ஓடிக் களைத்த குதிரையின்மீது குளிர்ந்த நீரை ஊற்றினால் தசை பிடித்துவிடும் என்னும் நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. 1996ஆம் ஆண்டு அமெரிக்காவின் வெப்பமும் ஈரமும் மிக்க அட்லாண்டா நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறுவதை முன்னிட்டு மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகள் இந்நம்பிக்கை தவறெனக் காட்டின. உடல் முழுதும் குளிர்ந்த நீரைத் தொடர்ந்து ஊற்றி, நிழலிலும் காற்றோட்டத்திலும் மெல்ல நடத்துவதே வெப்பத் தாக்குதலிலிருந்து குதிரையைக் காக்கும் வழி.

மணல் விளைக்கும் சூலை

குதிரைகளை மிகுதியாகக் கொல்லும் நோய்களுள் வயிற்றுச்சூலை முதன்மையானது. முன்னங்காலால் தரையைப் பறித்தல், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தல், அடிக்கடி படுத்து எழுதல், புரளல், உணவை மறுத்தல், சாணம் போடாதிருத்தல், காரணமின்றி வியர்த்தல் ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் தீவனத்தை அகற்றிவிட்டுக் கால்நடை மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். கைமருந்து ஊற்றிக் காத்திருக்கும் ஒவ்வொரு மணியும் உயிரோடு விளையாடுவதாகும். வலுவில் வாய்வழி ஊற்றும் மருந்து நுரையீரலுக்குள் சென்று மற்றொரு கேட்டையும் விளைவிக்கும்.

கடற்கரையூர்களில் சூலைக்குத் தனித்ததொரு காரணம் உண்டு. மணற்பாங்கான தரையில் புல்லையும் தீவனத்தையும் இட்டால், குதிரை அவற்றோடு மணலையும் விழுங்குகிறது. மணல் செரிக்காது, கனத்தால் பெருங்குடலின் அடியில் படிந்து நாளடைவில் மூட்டைபோல் சேர்ந்துவிடுகிறது. இதனைக் கண்டறிய எளிய வழி ஒன்றுண்டு. சாணத்தில் ஒரு கைப்பிடி எடுத்து, கண்ணாடிக் குவளையில் நீரோடு கலக்கி, சிறிதுநேரம் அசையாமல் வைத்தால், மணல் அடியில் தங்கிவிடும். அடியில் மணல் மிகுதியாகத் தங்கினால், உணவளிக்கும் முறையை மாற்ற வேண்டும் என்று பொருள். தொட்டியிலோ கல் பாவிய தரையிலோ உணவிடுவதும், வயிறு காலியாக இருக்கும்போது வெறுமணலில் கட்டாதிருப்பதும் இதைத் தடுக்கும்.

குளம்பும் இலாயமும்

குதிரையின் முழு எடையையும் தாங்குவது நான்கு குளம்புகள். குளம்பு நகத்தைப் போன்று வளரும் பொருளால் ஆனது. மாதத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். பாறையும் புல்லும் கலந்த நிலத்தில் நடக்கும் குதிரைக்கு அது தானே தேயும். மென்மணலில் நடப்பதற்கோ கட்டிக் கிடப்பதற்கோ பழகிய குதிரைக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்கிச் சமன்செய்தல் வேண்டும். தார்ச்சாலையில் உழைக்கும் குதிரைக்கு இலாடம் தேவை. இலாடம் கட்டுவது திறன்மிக்க கைத்தொழில். ஆணி சற்றே உள்ளேறினாலும் உயிர்த்திசுவைக் குத்தி நொண்டச் செய்யும்.

நாள்தோறும் வேலைக்கு முன்னும் பின்னும் குளம்பின் அடியைக் கொக்கியால் சுரண்டிக் கல்லையும் சாணத்தையும் அகற்ற வேண்டும். அடியின் நடுவே முக்கோண வடிவில் இருக்கும் மெத்தென்ற பகுதி, நடையின் அதிர்வைத் தாங்குவது. வடகிழக்குப் பருவமழையின்போது ஈரமான சாணத்திலும் சேற்றிலும் நாள்கணக்கில் நிற்கும் குதிரையின் அப்பகுதி அழுகி, கருநிறக் கசிவும் துர்நாற்றமும் தோன்றும். மழைக்காலத்தில் மேடான, உலர்ந்த தரை அமைப்பதே இதற்குரிய முதன்மையான தடுப்பு.

குதிரை நின்றவாறே உறங்கும் என்பது பலர் அறிந்த செய்தி. ஆனால், ஆழ்ந்த உறக்கத்துக்கு அது சிறிது நேரமேனும் படுத்தாக வேண்டும் என்பது பலர் அறியாதது. ஆகவே, இலாயம் ஒவ்வொரு குதிரைக்கும் ஏறத்தாழ 12 அடிக்கு 12 அடி இடமும், உலர்ந்த படுக்கையும், கடற்காற்று ஊடுருவும் திறப்புகளும் கொண்டிருத்தல் நலம். தென்னோலைக் கூரை வெப்பத்தைத் தணிக்கும். பக்கத்தில் வேறொரு குதிரையைக் காணும்படி அமைத்தல் வேண்டும். கூட்டமாக வாழும் விலங்கைத் தனிமையில் அடைத்தால் கட்டையைக் கடித்தல், ஓயாது அசைதல் முதலிய கெட்ட பழக்கங்கள் தோன்றும்.

நாளும் நோக்கல்

இயற்கையில் குதிரை வேட்டையாடப்படும் விலங்கு. வலியை வெளிக்காட்டும் விலங்கே பகைவிலங்குக்கு முதலில் இரையாகும் என்பதால், வலியை மறைப்பது அதன் இயல்பாயிற்று. எனவே, நோய் முற்றிய பின்னரே அறிகுறிகள் வெளிப்படும். நல்ல பேணுநர் முன்னரே நோயை அறிகிறார் என்றால், அதற்குக் காரணம் நலமான நாள்களில் அக்குதிரையைக் கூர்ந்து நோக்கியிருப்பதே.

தூரிகையால் நாள்தோறும் உடலைத் தேய்த்தல் அழகுக்காக மட்டுமன்று. அழுக்கும் வியர்வை உப்பும் நீங்குவதோடு, சேணம் பட்ட புண், உண்ணி, வீக்கம், வெப்பம் ஆகியவை கைக்குத் தட்டுப்படுகின்றன. பற்களும் கவனிக்கத்தக்கன. குதிரையின் கடைவாய்ப் பற்கள் தேயத்தேய மேலெழும்பி வருவன. சீரின்றித் தேய்ந்தால் கூர்விளிம்புகள் தோன்றிக் கன்னத்தைக் கிழிக்கும். உண்ணும்போது உணவு வாயிலிருந்து உருண்டையாக விழுந்தால் பற்களைச் சோதிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் மருத்துவரிடம் பற்களைக் காட்டுதல் நன்று.

குதிரையை அணுகுவதற்கும் முறை உண்டு. கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால், அதற்கு ஏறத்தாழச் சுற்றுமுழுதும் தெரியும். ஆனால், நேர் பின்புறமும் நெற்றியின் முன்னே மிக அருகிலும் தெரிவதில்லை. ஓசையின்றிப் பின்னால் சென்றால் அஞ்சி உதைக்கும். பேசிக்கொண்டே தோள்புறமாக அணுகுவதே பாதுகாப்பு. காதுகளைப் பின்னோக்கி மடித்தால் சினம். முன்னோக்கி நிமிர்த்தினால் ஆர்வம். இம்மொழியைக் கற்றவரிடம் குதிரை அச்சமின்றி நிற்கும்.

தெரிந்து தெளிவோம்

ஓய்விலிருக்கும் வளர்ந்த குதிரையின் இயல்பளவுகள்: உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44. மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16. தாடையின் அடியில் விரல் வைத்து நாடியைக் கணிக்கலாம். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் இளஞ்சிவப்பாக மாற வேண்டும். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே சமநிலைக்கு வர வேண்டும். மெல்ல வந்தால் உடலில் நீர் குறைந்துள்ளது என்பது பொருள்.

வருமுன் காத்தல்

உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியைப் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் 1761ஆம் ஆண்டு தொடங்கியவர் குளோட் பூர்ஜலா. அவர் குதிரையேற்றப் பள்ளியின் தலைவராக இருந்தவர். குதிரையைக் காக்கும் தேவையிலிருந்து ஒரு மருத்துவத்துறையே கிளைத்ததென்பதற்கு இதுவே சான்று. தமிழகத்தில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903ஆம் ஆண்டும், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989ஆம் ஆண்டும் தோன்றின. குதிரை இனத்தின் நோய்களை ஆராயவென அரியானா மாநிலம் ஹிசாரில் தேசிய ஆராய்ச்சி மையம் 1985ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகிறது. காயலின் வணிகர் வரவிடாமல் தடுத்த மருத்துவ அறிவு இன்று ஒவ்வொரு மாவட்டத்திலும் கிடைக்கிறது.

இரணஜன்னி குதிரையை எளிதில் பற்றும். மண்ணிலும் சாணத்திலும் வாழும் நுண்ணுயிரி ஒரு சிறிய ஆணிக்காயத்தின் வழியே நுழைந்தால் உடல் முழுதும் விறைத்துவிடும். இதற்கும் வெறிநோய்க்கும் தடுப்பூசி போடுதல் இன்றியமையாதது. 2008ஆம் ஆண்டு இந்தியாவின் பல மாநிலங்களில் பரவிய குதிரை இன்ஃப்ளுயன்சா, இருமலாலும் சளியாலும் இலாயம் விட்டு இலாயம் தாவியது. எனவே, புதிதாக வாங்கிய குதிரையை இரண்டு, மூன்று வாரங்கள் தனியே நிறுத்தி நோக்கிய பிறகே பிறவற்றோடு சேர்க்க வேண்டும். அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் ஆடித்திருவிழாச் சந்தை போன்ற இடங்களில் பல ஊர்க் குதிரைகள் கூடுவதால், அங்கிருந்து திரும்பியவற்றுக்கும் இது பொருந்தும்.

கடிக்கும் ஈக்கள் பரப்பும் ‘சர்ரா’ என்னும் நோய், இரத்தத்தில் வாழும் ஒட்டுண்ணியால் உண்டாவது. 1880ஆம் ஆண்டு பஞ்சாபில் பணியாற்றிய கிரிஃபித் எவான்ஸ் என்னும் மருத்துவர் குதிரை, ஒட்டகம் ஆகியவற்றின் குருதியில் இவ்வொட்டுண்ணியைக் கண்டறிந்தார். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இளைப்பு, கால்வீக்கம் ஆகியன அதன் அறிகுறிகள். சாணத்தை அன்றன்றே அகற்றினால் ஈக்கள் பெருகா. குடற்புழுக்களின் முட்டைகளும் மேய்ச்சல் நிலத்தில் பரவா. குடற்புழு மருந்தை மருத்துவர் அறிவுரைப்படி, சாணச் சோதனைக்குப் பின்பே கொடுத்தல் சிறந்தது.

உழைக்கும் உயிருக்கு உரிமை

சென்னை மெரினாவில் சிறுவர்களை ஏற்றிச் செல்லும் குதிரைகளும், உதகையில் சுற்றுலாப் பயணியரைச் சுமக்கும் மட்டக்குதிரைகளும் தம்மை வளர்ப்போர் குடும்பத்தின் வாழ்வாதாரங்கள். வருவாய் குறைந்த நாளில் முதலில் குறைவது குதிரையின் தீவனமே. வளர்ப்போரின் வறுமையையும் விலங்கின் துன்பத்தையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க இயலாது. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன்கீழ் 1965ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட விதிகள், வண்டியிழுக்கும், பொதி சுமக்கும் விலங்கை நாளொன்றுக்கு மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேலும், இடைவேளையின்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக்கூடாது என்கின்றன. வெப்பம் 37 டிகிரி செல்சியசைக் கடக்கும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை அவற்றை வேலைக்கு நிறுத்தவும் தடை உண்டு.

குதிரை மனிதனுக்குச் செய்யும் உதவி சுமையோடு முடிவதில்லை. பெரிய முதலியார்சாவடியைக் கடக்கும் அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில், 1978ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உள்ளது. அங்குப் பாம்புகளிடமிருந்து எடுக்கப்படும் நஞ்சு மருந்து நிறுவனங்களுக்குச் செல்கிறது. நஞ்சு மிகச் சிறிய அளவில் குதிரைகளுக்குச் செலுத்தப்பட, அவற்றின் குருதியில் எதிர்ப்பொருள் உருவாகிறது. அதிலிருந்தே பாம்புக்கடிக்கு மருந்து உருவாகிறது. உப்பளத்திலோ வயலிலோ நல்லபாம்பு தீண்டிய தொழிலாளியை மருத்துவமனையில் காப்பாற்றுவது, எங்கோ ஓர் இலாயத்தில் நிற்கும் குதிரையின் குருதி.

சாவடிக்குத் திரும்புதல்

வெப்பமும் ஈரமும் மிக்க இக்கடற்கரையில் குதிரையை நலமுடன் வளர்க்க இயலுமா என்பது தொடக்கத்தில் எழுந்த கேள்வி. இயலும் என்பதே விடை. காயலில் குதிரைகள் மடிந்ததற்கு இந்நிலம் மட்டுமே காரணமன்று. நாரற்ற உணவும், நோயறியாத கவனிப்பும், மருத்துவரின்மையும் அவற்றை மாய்த்தன. புல், நீர், உப்பு, உலர்ந்த தரை, செதுக்கிய குளம்பு, நாளும் நோக்கும் கண் ஆகிய ஆறும் கிடைத்தால் மணற்கரையும் பரிக்கு வீடாகும்.

இவற்றுள் எதுவும் பெரும்பொருள் வேண்டுவதன்று. ஆயினும் எதையும் ஒருநாளும் விட்டுவிட இயலாது. பாண்டியரின் கருவூலம் 220 பொன் கொடுத்து வாங்கிய பரியைக் காக்கத் தவறியது. இன்று ஒரு வாளி நீரோடும் ஒரு பிடி உப்போடும் வைகறையில் இலாயத்துக்குள் நுழையும் பேணுநர் அதைக் காக்கிறார். வழியில் களைத்து வருவோர்க்கு நீரும் நிழலும் தருவது சாவடியின் அறம். பரி பேணுவோர் தம் இலாயத்தில் நாளும் செய்வதும் அதுவே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் அல்லது அருகில் குதிரை, மாடு, ஆடு வளர்ப்போர் ஒருவரைச் சந்தித்து, அவ்விலங்கின் உணவு, நீர், நோய்த்தடுப்பு குறித்து உரையாடிக் கட்டுரையாக எழுதுக.

2. குதிரையின் செரிமான அமைப்பு மாட்டின் செரிமான அமைப்பிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது? அவ்வேறுபாடு உணவளிக்கும் முறையை எவ்வாறு தீர்மானிக்கிறது? விளக்குக.

3. ‘அன்பு இருந்தது, அறிவு துணை நிற்கவில்லை’ என்னும் தொடரை, காயல் துறைமுகக் குதிரை வணிகத்தின் பின்னணியில் ஆராய்க.

4. ‘உழைக்கும் விலங்கின் நலனும் அதை வளர்ப்போரின் வாழ்வும்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.